கொட்டாவி விட்ட இடமெல்லாம்

எடிட்டிங் அறையின் ஏசி உறுமுகிறது. காலையில் வெளியான படத்தைக் காட்சி காட்சியாகச் சொல்லிக் கொட்டாவி விடுகிறார் யூடியூப் விமர்சகர். தயாரிப்பாளரின் கைபேசித் திரையில் விமர்சகரின் கடைவாய்ப்பல்லில் ஒட்டிய பிஸ்கட் வரை தெரிகிறது. "அவர் கொட்டாவி விட்ட அந்த சீனைத் தூக்குப்பா, சாயங்கால ஷோவுக்குள்ள," என்கிறார் தயாரிப்பாளர். "அம்மா சாகற சீன் சார்," என்று முனகுகிறார் எடிட்டர். "சாகாட்டி என்ன, இருந்துட்டுப் போகட்டும்." "அப்புறம் மகன் எதுக்கு சார் அழுவான்?" "அங்கயும் கொட்டாவி விட்டிருக்காருய்யா. அதையும் வெட்டு." இரண்டரை மணி நேரப் படம் ஆறு கொட்டாவியில் ஐம்பது நிமிடமாகிவிட்டது. மூன்று வருஷம் உயிரைக் கொடுத்து அதை எடுத்த இயக்குநர் மூலையிலிருந்து எழுந்து வருகிறார். அடிக்கப்போகிறார் என்று எடிட்டர் நாற்காலியோடு நகர்கிறார். இயக்குநரோ கைபேசிமேல் குனிந்து, குழைந்துகொண்டே கேட்கிறார்: "சார், என் பேரு வர்ற இடத்துல வாய மூடிட்டுத்தானே இருக்காரு?"