கேட்குதா என்று பார்க்க

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மண் அள்ளும் பழைய லோடரின் எஞ்சின் இருக்கும் பின்கதவுக்குள் கையை விடுகிறார். துருவேறி ஓட்டை விழுந்த சைலன்சர் தரையில் கிடக்கிறது. தகடு சுருட்டி அவரே செய்த புதியது, பற்றவைத்த இடங்களில் நீலம் பூத்து, எஞ்சினோடு சேர்ந்திருக்கிறது. கடைசி நட்டு கீச்சிட்டு இறுகுகிறது. ஓட்டுபவன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான், சாவியைத் தொடவில்லை. போன வாரம் இதே வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பின்னால் நின்ற தங்கை கத்திய கத்தல் அந்த இரைச்சலில் அவனுக்குக் கேட்கவே இல்லை. நல்லவேளை, அவள் செருப்பு மட்டும்தான் சக்கரத்துக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு இன்றுதான் ஏறியிருக்கிறான்.

“போடுங்க தம்பி,” என்கிறார் வெல்டர். அதற்குள் தங்கை வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறாள்.

“ஏய், அங்க எதுக்கு நிக்கிற? தள்ளிப் போ!”

“நீ ஸ்டார்ட் பண்ணு. நான் கூப்பிட்டா கேக்குதான்னு பாக்கணும்.”

சாவியைத் திருப்புகிறான். எஞ்சின் உறுமி, அடங்கி, சீராக ஓடுகிறது. புதுத் தகட்டின் எண்ணெய் கருகும் வாடை. சட்டென்று அணைத்துவிடுகிறான். “என்ன? என்ன ஆச்சு?”

“நான் இன்னும் வாயே திறக்கலண்ணே.”

வெல்டர் சிரிக்கவில்லை. மறுபடியும் எஞ்சின் ஓடுகிறது. அவன் கைகள் இரண்டும் மடியில் இறுகியிருக்கின்றன. பின்னால் நின்றபடியே, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் அவள் கேட்கிறாள்: “அண்ணே, டீ குடிக்கப் போலாமா?”

அவன் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொள்கிறான்.

“போலாம்மா.”