சாவியைத் தொடாதீங்க!

"சாவியத் தொட்டுடாதீங்க தம்பி! தொட்டீங்கன்னா எஞ்சின் காலி!"

பழனிவேல் போட்ட சத்தத்தில், இட்லித் தட்டோடு வந்த சௌந்தரம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

சிதம்பரத்தில் வீட்டுக்கு முன்னாலேயே கார் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் அவள் புருஷன். காலையில் எழுந்ததும் எழாததுமாக மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். தொப்பலாக நனைந்து திரும்பினான். எங்கே போனீங்க என்று கேட்டதற்கு, தலையைத் துவட்டிக்கொண்டே கடைக்குள் போய்விட்டான். சாப்பிடவும் இல்லை. இப்போது மழை விட்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

'யாரு மாமா?' என்று சைகையில் கேட்டாள்.

"ஆசிக் வண்டி" என்று அவன் உதடு மட்டும் அசைந்தது.

லால்பேட்டை முஹம்மது ஆசிக் துபாயில் வேலை செய்கிறவன். இன்று சாயங்காலம் ஊருக்கு வருகிறான். வந்ததும் ஓட்டுவதற்குக் காரைத் தயார் செய்யச் சொல்லியிருந்தான். கூடவே, எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போகவென்று பம்பருக்குக் கீழே இறங்குகிற புதுக் குழாய் ஒன்றையும் வாங்கி அனுப்பி மாட்டச் சொன்னான். "மழைக்காலத்துல வேணாம்பா, காத்தோட சேத்து தண்ணியையும் உறிஞ்சிடும்" என்று பழனிவேல் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. "சரி, நீ வர்ற வரைக்கும் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, நான் பொறுப்பு" என்று கடைசியில் வாக்குக் கொடுத்து மாட்டினான்.

நேற்று கார் கடை வாசலில்தான் நின்றது. ஆசிக் வீட்டு ஆட்கள் எப்போது வந்தாலும் எடுத்துப் போகட்டும் என்று, வழக்கம்போலச் சாவியை முன் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுப் படுத்தான். அந்தப் பழக்கத்துக்கு அவளிடம் வாங்காத திட்டு இல்லை. விடிந்து பார்த்தால் கார் இல்லை. பரவாயில்லையே, இருட்டோடு வந்து எடுத்துப் போய்விட்டார்களே என்று சௌந்தரம்கூட ஆச்சரியப்பட்டாள்.

"கடலூர் போயிட்டு இருந்தேங்கண்ணா" என்றது போனில் ஒரு இளம் குரல். "ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டுல தண்ணி. தெரியாம வண்டிய உள்ள எறக்கிட்டேன். வண்டி ரெண்டு தடவ இருமுச்சி. பயந்துபோயி ஆஃப் பண்ணி, பின்னாடியே தள்ளி மேட்டுல ஏத்திட்டேன். பானெட்டத் தொறந்தா உங்க கடை ஸ்டிக்கர், நம்பரோட. அதான் அடிச்சேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. ஆசிக்குக்கு நீங்க என்ன வேணும்?"

ஒரு லாரி கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மச்சான்ணா."

"அப்ப நமக்கும் மச்சான்தான்!"

சௌந்தரம் கண்ணை விரித்தாள். வண்டி நின்றுபோச்சு என்று யார் கூப்பிட்டாலும், "இழுத்துக்கினு வா, பாக்கலாம்" என்று போனை வைக்கிற மனுஷன் இவன்.

"முன் சக்கரத்தாண்ட படுத்துப் பாருங்க. பம்பருக்குப் பின்னால கூம்பு மாதிரி ஃபில்டர் தெரியுதா?"

"கீழ ஒரே சேறா இருக்குண்ணா."

"சேறு பாத்தா எஞ்சின் பொழைக்குமா? படுங்க தம்பி."

முக்கல், முனகல். "ஃபில்டர் ஈரமா இருக்குண்ணா. சொட்டுது."

"கழட்டுங்க. டிக்கில ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் இருக்கு. கழட்டிட்டுக் குழாய்க்குள்ள விரல வுட்டுப் பாருங்க."

ஸ்பீக்கரில் ஸ்பேனர் உரசும் சத்தம் கேட்டது.

"உள்ள காஞ்சிதான் இருக்கு."

பழனிவேல் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினான். "அப்பாடா! எஞ்சின் தண்ணி குடிக்கல."

"அப்ப ஸ்டார்ட் பண்ணட்டுமா?"

"ஐயையோ! ஒரு மடக்கு உள்ள போயிருந்தாலும் எஞ்சினுக்குள்ள ராடு வளைஞ்சிடும். குழாய் வாயில ஒரு கேரி பேக்க மாட்டி இறுக்கிக் கட்டுங்க. அப்புறம் பேட்டரி ஒயர் ரெண்டையும் உருவிடுங்க."

"பேட்டரி எதுக்குண்ணா?"

"யாராச்சும் தெரியாத்தனமா சாவியத் திருப்பிட்டா?"

"ஏன் மாமா, நீங்களே ஒரு எட்டு போயி பாத்தா என்ன?" என்று கிசுகிசுத்தாள் சௌந்தரம். அவன் கையைக் காட்டி அடக்கினான்.

"எந்த எடத்துல நிக்கிறீங்க தம்பி?"

"பெட்ரோல் பங்க் ஒண்ணு இருக்கு. எதுத்தாப்புல மஞ்சக் கலர்ல கல்யாண மண்டபம்."

"சரி. வண்டிய வுட்டு நகராதீங்க. ஃபில்டரத் தொடைக்காதீங்க, கிழிஞ்சிடும். கையில தூக்கிப் புடிச்சி, காத்துல திருப்பித் திருப்பிக் காட்டுங்க."

"எவ்ளோ நேரம்ணா?"

"நான் போன் பண்ற வரைக்கும். ஈரத்தோட மாட்டுனீங்கன்னா நான் ஆசிக் மூஞ்சில முழிக்க முடியாது."

"சரிங்கண்ணா. ரொம்ப தேங்க்ஸ். உங்கள மாதிரி தங்கமான ஆளு கெடைக்கிறது கஷ்டம்."

போனை வைத்ததும் பழனிவேல் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒரு இட்லியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டான்.

"என் தம்பிகிட்டகூட நீங்க இவ்ளோ தன்மையாப் பேசுனதில்ல" என்றாள் சௌந்தரம். "யாரு மாமா அந்தப் புள்ள?"

"தெரியலயே" என்றபடி அவன் அடுத்த நம்பரை அழுத்தினான்.

"ஐயா, வணக்கம். கடை வாசல்ல நின்ன காரு, ஆசிக் வீட்டு ஆளுங்க யாரும் எடுக்கல, திருட்டுப் போச்சின்னு காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேனே, மெக்கானிக் பழனிவேல். ஆலப்பாக்கம் தாண்டி, பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல மஞ்சக் கலர் மண்டபம்... அவசரமே இல்லைங்கையா, மெதுவாவே வாங்க. எடுத்துக்கினு போனவரு ஃபில்டரக் காய வெச்சிக்கினு நிக்கிறாரு, நான் சொல்லாம சாவியத் தொட மாட்டாரு!"