பேச்சாளர் தோற்ற இடம்

"ஊரையே பேச்சால கட்டிப்போடுற மனுஷர், எங்கப்பாகிட்ட மட்டும் தோத்துட்டார்" என்றாள் பேச்சாளரின் மனைவி.

நாடறிந்த அந்தப் பேச்சாளரின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்திருந்த எழுத்தாளர், அவளுடைய பிறந்த வீட்டைப் பற்றியும் ஓர் அத்தியாயம் வேண்டுமென்று கேட்டிருந்தார்.

"வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். அப்பா என்னைத் தலைமுழுகிட்டார். சமாதானம் பேச இவர் எத்தனையோ தடவை போனார். வாசல்லயே அவமானப்படுத்தி அனுப்பிட்டாங்க. இவர் கோபத்தை எல்லாம் நான் பொறுத்துப் போறது அந்த நன்றிக்காகத்தான்."

"அப்பா இப்போ?"

"போய்ச் சேர்ந்துட்டார். எனக்குச் சொல்லிவிடக்கூட இல்லை, ரொம்ப நாள் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் தெரிஞ்சுது. அக்கா மட்டும் இருக்கா."

எழுத்தாளர் அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"அக்கா திட்டினாளா?"

"அழுதாங்கம்மா. அப்பா கடைசிவரைக்கும் உங்களைத்தான் கேட்டாராம். உங்க வீட்டுக்காரர் போனப்பல்லாம் உட்கார வச்சு, 'பழசை மறந்துடலாம், பொண்ணைக் கூட்டிட்டு வாங்க'ன்னு கெஞ்சினாராம்."

"இவர் என்ன சொன்னாராம்?"

"நீங்கதான் அப்பா முகத்துல முழிக்கமாட்டேன்னு பிடிவாதமா இருக்கறதா சொன்னாராம். அப்பா இறந்த சேதியையும் அவர்கிட்டத்தான் சொல்லியிருக்காங்க."

பக்கத்து அறையில் கணவர் அன்றைய கூட்டத்துக்குப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் குரலைக் கேட்டபடியே எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா வீட்டுக்கு வழி சொல்லுங்க. இந்தத் தடவை நானே போய்ப் பேசிக்கறேன்."