மழையை மறைத்த டிவி

ரிங்லெட் மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பொழுது சாயுமுன்பே பனி இறங்குகிறது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்ததும் விக்னேஸ்வரியின் கை தன்னால் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுகிறது. அடைமழையில் மண்சரிந்து லோரியோடு புதைந்து, கூட வந்த உதவியாள் ஐமானைப் பறிகொடுத்துவிட்டுத் தான் மட்டும் பிழைத்த நாளிலிருந்து அவள் கணவன் தர்மேந்திரனுக்கு மழைச் சத்தம் ஆகாது. அவன் அந்தப் பேச்சை எடுத்தாலே, "அதெல்லாம் மறந்துடுங்க லா," என்பாள். அதுதான் மருந்து என்று நினைத்திருந்தாள். இன்று திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், கைப்பேசித் திரையில் மனநல டாக்டரம்மா அவனிடம் கேட்பது டிவி சத்தத்தையும் மீறி அவள் காதில் விழுகிறது: "அன்னிக்கி உங்க காதுல என்ன சத்தம் விழுந்துச்சு?"

"ஐமான் லோரி கதவத் தட்டுன சத்தம், டாக்டர். ரொம்ப நேரம் தட்டுனான்."

"இத வீட்ல சொன்னீங்களா?"

"வீட்ல டிவி ஓடிக்கிட்டே இருக்கும், டாக்டர்."

அவன் குரலில் குறைசொல்லும் தொனி ஏதுமில்லை. விக்னேஸ்வரி டிவியை அணைக்கிறாள். மழை வீடெல்லாம் நிறைகிறது. அடுத்த வீட்டு கங்கா சுவரைத் தட்டுகிறாள்: "என்னக்கா, டிவி செத்துப்போச்சா? ஒங்க வீட்டு நாடகத்ததான லா நான் ஓசியில கேக்குறேன்!"

ரிமோட்டை மடியில் கவிழ்த்துவிட்டு, விக்னேஸ்வரி திரைச்சீலையோரம் நகர்ந்து உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்கிறாள்.