மூன்றாவது ஏலம்

"இந்தத் தரமும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. விளங்கிச்சா?"

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் அப்துல் ஸமட் சொல்லிவிட்டார். பாலமுனையில் சபூறாவின் வீட்டு வளவில் கூடியிருந்த ஆண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

கல்முனையிலிருந்து வந்த கார் வேலியோரம் நின்றது. கடனுக்கு வீட்டை ஏலம் போட வந்த நீதிமன்றத்துப் பிஸ்கால் உத்தியோகத்தர் கனகசிங்கம் இறங்கினார். இதே வீட்டுக்கு, இதே கடதாசியோடு, மூன்றாவது தடவை. வாசிக்கும்போதே அவருக்குக் கொட்டாவி வந்தது.

"கடனும் கோட்டுக் காசும் இருபத்தோராயிரம். சபூறா உம்மாட பேரில உள்ள கல்வீடும் வளவும். கேக்கிறவங்க கேக்கலாம்."

ஒருவரும் கேட்கவில்லை.

சபூறாவின் புருஷன் சீனிமுகம்மது உழவு மெஷின் வாங்குவதற்காக, அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டை ஒரு கொழும்புக் கம்பனிக்கு ஈடு வைத்தான். இரண்டு போகம் வயலுக்குத் தண்ணீர் இல்லை. அடுத்த போகத்துக்கு அவனே உயிரோடு இல்லை.

இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. வீடு கொடுக்க வழியில்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். சபூறாவின் மகள் சுல்பிகாவுக்குப் பத்தொன்பது வயது. அப்படிப்பட்ட வீட்டை ஏலத்தில் கேட்கிறவன் மனுஷனா? ஊர் அப்படித்தான் நினைத்தது. நியாயம்தானே?

"ஐயா, நீங்க எத்தினை தரம் வந்தாலும் இதுதான் நடக்கும்" என்றார் மரைக்கார் பெருமையாக.

"எனக்கும் அலுத்துப் போச்சு, மரைக்கார். அரசாங்க வங்கிக் கடன் எண்டா கோட்டுக்கே வராது, அவங்களே வித்து முடிச்சிருவாங்க. மட்டக்களப்பு டவுன் எண்டாலும் முதல் ஏலத்திலயே ஆராவது கேப்பாங்க. இங்க ஒவ்வொரு தரமும் பேப்பர் விளம்பரம், பறைக் கூலி, லோயருக்கு, இந்தக் காருக்கு மைல் கணக்கு..."

"ஆகட்டுமே! கொழும்புக் கம்பனி நல்லா அழட்டும்!"

வளவே சிரித்தது. கனகசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றும் எடுபடவில்லை.

"இருபத்தஞ்சாயிரம்."

சிரிப்பு நின்றது.

கேட்டவர் அபூசாலி. ஊரில் செங்கல் சூளை வைத்திருப்பவர். சொந்த மச்சானுக்குக்கூட ஒரு கல்லைக் கடனாகக் கொடுக்காத ஆள்.

"காக்கா, இது பொம்புளட ஊடு!" என்று கத்தினான் றவூப். சீனிமுகம்மதுவின் தம்பி.

அபூசாலி அவனைப் பார்த்தார். "அப்ப நீ கூட்டிக் கேளன்."

றவூப் தரையைப் பார்த்தான்.

"வேற ஆரும் கேக்கிறீங்களா?" அபூசாலி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி ஐயா. முப்பதாயிரம்."

கனகசிங்கத்துக்கு விளங்கவில்லை. "முதல் கேட்டதும் நீங்கதானே? உங்களோட போட்டிக்கு ஆளில்லையே."

"ஓம், நான்தான். முப்பத்தஞ்சாயிரம். இனிக் கூட்ட மாட்டன்."

"காசுத் திமிரப் பாரு" என்று ஒரு குரல்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்."

"அபூசாலி, நாளைக்கு உண்ட ஜனாஸா தூக்கவும் ஒருத்தரும் வரமாட்டம்" என்றார் மரைக்கார்.

அபூசாலி மடியில் கட்டியிருந்த முற்பணத்தை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவர் அவர் காலடியில் காறித் துப்பினார். அவர் தாண்டிப் போய்விட்டார்.

அப்போதுதான் சபூறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

"அழாத புள்ள" என்றார் மரைக்கார். "நாங்க ரெண்டு தரம் காப்பாத்தினம். இண்டைக்கு ஒரு ஷைத்தான் புகுந்திட்டான்."

அவள் அழவில்லை. களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான்.

"ஐயா, எல்லாம் போக எனக்கு எவ்வளவு மிஞ்சும்?"

கனகசிங்கம் கடதாசியைப் புரட்டினார். "பத்தாயிரம் வரும், தங்கச்சி. முதல் ஏலத்திலயே இந்த விலைக்குப் போயிருந்தா பதினாலாயிரம் கையில வந்திருக்கும்."

"மத்த நாலாயிரம்?" என்று கேட்டார் மரைக்கார்.

"ஆளில்லாமத் திரும்பிப் போன ரெண்டு ஏலத்துச் செலவும் வட்டியும்."

"அது கம்பனிட செலவல்லவா?"

"அதைத்தான் அப்பயே சொல்ல வந்தன். கம்பனிக்கு ஒரு சதமும் நட்டமில்ல. எல்லாம் இவட தலையிலதான் விழும்."

இரண்டு பேர் செருப்பைத் தேடினார்கள்.

மரைக்காரின் குரல் இறங்கியது. "நாங்க உன்னில இரக்கப்பட்டுத்தானே புள்ள..."

"மெய்தான் காக்கா. நீங்க இரக்கப்பட்ட ஒவ்வொரு தரமும், மிஞ்சிற காசுல எங்கட கடக்கரை வளவுல சுல்பிகாக்குக் கட்ட இருந்த ஊட்டுல ஒவ்வொரு அறை போயிட்டு. மிச்சமாவது மிஞ்சட்டும் எண்டுதான், சரியான விலைக்கு நீங்களே ஏலத்தில கேட்டு எடுங்க எண்டு நேத்து நானே சூளைக்குப் போய் அபூசாலிக் காக்காட காலப் புடிச்சன்."