போடாத ஓட்டு

பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஆஷ்" என்று படித்தார் எழுத்தர். பதில் இல்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

செனட் சபையின் பின்சுவரை ஒட்டி உதவியாளர்களுக்குப் போட்டிருந்த சோபாவில், நுனியில் உட்கார்ந்திருந்தாள் டார்லா. அதிபர் கட்சி செனட்டர் வெண்டல் ஆஷின் உதவியாளர். அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்பது இந்தச் சபையில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சற்று முன்புதான், பக்கத்து அறையில், ஆஷின் மனைவி மார்னியிடமிருந்து போன் வந்தது.

"வெண்டல் போயிட்டாரு, டார்லா. ஓட்டெடுப்பு முடிஞ்சிருச்சா?"

"இல்ல மேடம். இப்பதான் ஆரம்பிக்கிறாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அப்ப நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

புதிய அதிபர் பதவியேற்றபோது கொட்டிய பனி உருகி, செர்ரி மரங்கள் பூத்தும் ஓய்ந்துவிட்டன. ஒரு மசோதா நகரவில்லை. சபையில் இரண்டு கட்சிக்கும் சரிபாதி ஆட்கள்; ஆஷ் குளிர்காலத்திலேயே படுக்கையில் விழுந்ததால் அதிபர் பக்கம் ஒரு ஓட்டு குறைவு. அதிபர் எதை அனுப்பினாலும் எதிர்க்கட்சி மொத்தமாக 'இல்லை' என்றது. போரில் செத்த ஒரு பையனின் பெயரைத் தபால் நிலையத்துக்கு வைக்கலாம் என்றார்கள். அதற்கும் 'இல்லை'.

இன்றைக்கு வந்திருப்பது சுரங்க மசோதா. நிலக்கரித் தூசியில் நுரையீரல் போனவர்களின் வைத்தியச் செலவை அரசு ஏற்கும்.

கென்டக்கியில், மூக்கில் குழாயோடு, டார்லாவின் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். சுரங்கத்தை மூடிவிட்டு கம்பெனி ஓடிப்போனது. அவருடைய இருமல் சிகரெட்டால் வந்தது என்று காப்பீட்டுக்காரன் கைவிரித்துவிட்டான். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை.

மசோதாவின் உயிர் ஒரே ஒரு கைகுலுக்கலில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த மசோதா வந்ததும், எதிர்க்கட்சியின் லாயிட் டன்லப் ஆஷ் இருந்த மருத்துவமனைக்கே போய்க் கைகொடுத்துவிட்டு வந்தார். இந்த மசோதாவுக்கு நீ வர முடியாவிட்டால் நானும் ஓட்டுப் போட மாட்டேன். ஜோடி சேர்வது என்பார்கள் இதை. பழைய வழக்கம், கிட்டத்தட்ட ஒழிந்துபோனது. அந்தப் பக்கம் ஒரு ஓட்டு குறைந்தால் இரண்டும் சமம். சமமானால் துணை அதிபர் ஓட்டுப் போடலாம். மசோதா பிழைத்துவிடும்.

ஆனால் செத்தவரோடு ஜோடி கிடையாது. விஷயம் காதில் விழுந்த மறுநொடி டன்லப் எழுந்து 'இல்லை' என்பார். கதை முடிந்தது.

டார்லா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"என்ன டார்லா, உங்க ஆளைக் கட்டிலோட தூக்கிட்டு வரப்போறீங்களா?" எதிர்க்கட்சி உதவியாளன் பிராடி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தாத்தா காலத்திலிருந்து வக்கீல் குடும்பம். வாயில் எப்போதும் சூயிங்கம்.

"உங்க ஆளைத்தான் காணோம். போய்த் தேடு."

உண்மைதான். டன்லப்பின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. யார் அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? யார் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? கதவு திறக்கும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பட்டியல் முடிகிற நேரத்தில் டன்லப் வந்தார். வாசலிலேயே அவர் கட்சித் தலைவர் முழங்கையைப் பற்றினார்.

"ஜோடியாவது மண்ணாங்கட்டியாவது. ஓட்டப் போடுய்யா!"

டன்லப் கையை விடுவித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"என் நண்பர் ஆஷ் இங்க இருந்திருந்தா 'ஆம்'னு சொல்லியிருப்பார். நான் 'இல்லை'னு சொல்லியிருப்பேன். அவருக்குக் கொடுத்த வார்த்தைக்காக நான் ஓட்டுப் போடல."

பிராடியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

துணை அதிபர் 'ஆம்' என்றார். சுத்தியல் விழுந்தது. மசோதா நிறைவேறியது.

டார்லா நடைவழிக்கு ஓடிவந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே யாரோ வந்தார்கள். டன்லப்.

"மார்னி உனக்கு எப்ப சொன்னா, கண்ணு?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எனக்கு அதுக்கும் முன்னாடியே சொல்லிட்டா." குரல் தாழ்ந்திருந்தது. "எங்க ஊர்லயும் இருமித்தான் சாகுறாங்கம்மா. ஆனா நான் 'ஆம்'னு போட்டா என் கட்சிக்காரனே என்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவான். வெண்டல் இன்னும் கொஞ்ச நேரம் உயிரோட இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

நன்றி சொல்வதா, அறைவதா என்று தெரியவில்லை. ஒரே ஒரு சொல், இந்த ஆள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொந்த ஊர்க்காரன் மூச்சுவிட, ஒரு பிணம் வந்து முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவர் டையைச் சரிசெய்துகொண்டு நடைவழி முனையில் நின்ற கேமராக்களை நோக்கி நடந்தார்.

"நாட்டைத் திவாலாக்குற சட்டம் இது. முழு மூச்சா எதிர்க்குறேன்," என்றார். குரல் தழுதழுத்தது. "ஆனா என் நண்பனுக்குக் கொடுத்த வார்த்தை பெருசு. வெண்டல் சீக்கிரம் குணமாகி வரணும். அதுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் தலை குனிவோமா?"

செய்தியாளர்கள் குனிந்தார்கள். காவலர்கள் குனிந்தார்கள். சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பிராடியும் குனிந்தான்.

ஒரு கேமரா டார்லாவின் பக்கம் திரும்பியது.

அவளும் குனிந்தாள். ஆமென் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.