பூட்டுவதற்கு முன்

"அந்தக் கண்ணாடி ஜன்னலைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லையே சாமி!"

"மூணு தடவை சொல்லிட்டீங்கம்மா. பன்னிரண்டு மணிக்குள்ள நான் பூட்டியாகணும்."

இளம் பாதிரியாரின் கையில் ஆயரின் கடிதம் இருந்தது. பீடத்தின் முன் நின்று அதை வாசித்துக் கதவைப் பூட்டிவிட்டால், இருநூறு வருடத் தேவாலயம் அப்புறம் வெறும் கட்டடம்தான். வாசிக்கவிடாமல் காலையிலிருந்து அவரை இழுத்தடித்துக்கொண்டிருந்தார் சாவி வைத்திருக்கும் அம்மாள். பின்னாலேயே அவர் வீட்டுக்காரரான தையல்காரர் புதுக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கண்ணாடியெல்லாம் கப்பல்ல வந்தது. வெள்ளைக்கார வியாபாரிங்க கட்டின கோயில். முன்னாடி நாலு பெஞ்சு அவங்களுக்கு. நம்ம ஆளுங்க பின்னால நின்னுக்கணும்."

"நின்னாலும் தூண் மறைக்கும்" என்றார் தையல்காரர்.

"அப்புறம் துறைமுகத்தை மண் மூடிடுச்சு. கப்பல் வர்றது நின்னுபோச்சு. அவங்க ஆர்கன் வாத்தியத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டு ஊர் போய்ச் சேர்ந்தாங்க."

"கரையானை மட்டும் நமக்கு விட்டுட்டாங்க."

"கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? வரலாறு சொல்லிட்டிருக்கேன்!"

"முப்பத்தெட்டு வருஷமா சும்மாதானே இருக்கேன்!"

பாதிரியார் சிரித்துவிட்டார். கூரை ஓட்டை வழியே விழுந்த வெயிலில் ஒரு புறா இறகு, எந்த அவசரமும் இல்லாமல் சுழன்று சுழன்று இறங்கியது. அது தரையைத் தொடும்வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதிரியார்தான் முதலில் சுதாரித்தார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"இதை நிரப்பிட்டா என் வேலை முடிஞ்சுது. இங்க கடைசியா என்ன சடங்கு நடந்துச்சு?"

"கல்யாணம்" என்ற அம்மாளின் முகம் மலர்ந்தது. "எங்க கல்யாணம்."

"ஓ! அதான் பூட்ட மனசு வரலையா?"

"கோயில் நிறைய ஜனம் சாமி. திடீர்னு மேல மடமடன்னு சத்தம். பார்த்தா, உத்தரம் ஒண்ணு பீடத்துக்கும் எங்களுக்கும் நடுவுல வந்து விழுது!"

"பழைய சாமிக்கு எழுபது வயசு" என்றார் தையல்காரர். "அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஜன்னல் வழியா குதிச்சார் பாருங்க, ஆட்டுக்குட்டி தோத்துடும்!"

"இவர் மட்டும் என்னவாம்? என்னை அப்படியே விட்டுட்டு ஓடினார்."

"கதவைத் திறக்க ஓடினேன்!"

"கதவு திறந்துதான் இருந்துச்சு."

பாதிரியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யாருக்கும் அடி படலையே?"

"ஒரு கீறல் கூட இல்லை. ஆனா அன்னியிலேர்ந்து ஜனம் டவுன் கோயிலுக்குப் போயிடுச்சு. பழைய சாமி மறுநாளே பெட்டியைக் கட்டிட்டார்."

'கடைசிச் சடங்கு: திருமணம்' என்று எழுதிக்கொண்டார் பாதிரியார். "பிள்ளைங்க?"

"நாலு. பேரப்பிள்ளைங்க ஏழு."

"நல்லா இருங்க. இப்ப நான் வாசிக்கலாமா?"

பாதிரியார் பீடத்தின் முன் போய் நின்று கடிதத்தைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார்.

"நில்லுங்க சாமி!"

தையல்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பாதிரியாரின் எதிரே நின்றார் அம்மாள். இருபது வயதுப் பெண்ணைப் போல அவர் முகம் சிவந்திருந்தது.

"அந்தப் படிவத்துல எழுதினதை அடிச்சிடுங்க."

"ஏன்? என்ன தப்பு?"

"உத்தரம் விழுந்தப்போ பழைய சாமி எங்களை இன்னும் 'சம்மதமா'ன்னே கேக்கலை. வந்தவங்க எல்லாரும் வெளிய மரத்தடியில விருந்து சாப்பிட்டு, வாழ்த்திட்டுக் கிளம்பிட்டாங்க. நாங்களும் வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லலை. அப்புறம் பிள்ளை பிறந்துடுச்சு, எப்படிப் போய்ச் சொல்றது? நீங்களாவது எங்களை அதைக் கேட்டுடுங்களேன், சாமி!"